புது ரேடியேட்டர் இன்னும் கொஞ்ச நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் காரைத் தானே பார்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,



போன மாதம் ஒரு ஞாயிறு காலை. எங்கள் வீதியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் தன் பழைய காருக்குப் புது ரேடியேட்டர் வாங்கி வந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழையதில் ஒழுக்கு. இரண்டு வருடமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே ஓட்டிவிட்டு, இப்போதுதான் பணம் சேர்த்து வாங்கியிருக்கிறார். "பழசக் கழட்டிப் புதுச மாட்டறதுதானுங்கண்ணா. பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். "இன்ஜினை அலசலையா?" என்று கேட்டேன். "ரேடியேட்டர்தானுங்களே போச்சு? இன்ஜின்ல என்ன இருக்குது?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய வெள்ளை வேட்டியில் ஒரு முழம் கிழித்து எடுத்து வந்தேன். பழைய ரேடியேட்டரை அவர் ஏற்கெனவே கழற்றியிருந்தார். தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைச் செருகினோம். இன்ஜினிலிருந்து வரும் கீழ் ஹோஸின் வாயில் துணியைக் கட்டி, அடியில் ஒரு டப் வைத்துக் குழாயைத் திறந்தோம். முதலில் டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. பிறகு செங்கல்லைக் கரைத்தது போல வந்தது. ஒரு நிமிடம் கழித்துக் குழாயை மூடித் துணியை அவிழ்த்து விரித்தோம். கல் உப்பு அளவில் வெள்ளைச் சில்லுகள், விரலில் தேய்த்தால் கருஞ்சிவப்பாக ஒட்டும் துருப் பொடி, கருகின ரப்பர்த் துணுக்குகள். இவற்றுக்கு நடுவே குழைந்து போன மஞ்சள் களிம்பு. முகர்ந்து பார்த்தால் சமையல் மஞ்சள்தூள். அந்தக் காரை முன்னால் வைத்திருந்த யாரோ ஒழுக்கை அடைக்க ரேடியேட்டரில் போட்டது. லாரிக்காரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பழைய கைவைத்தியம்.

தம்பி அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு புது ரேடியேட்டரை எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார்.

இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். ரேடியேட்டர் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உள்ளே இருக்கும் கசடு முழுவதும் வெளியே வரும்வரை புதியதை மாட்டாதீர்கள். ரேடியேட்டர் கெட்டுப்போகும் நோய் பெரும்பாலும் ரேடியேட்டரில் பிறப்பதில்லை. அது இன்ஜினுக்குள் பிறந்து, ரேடியேட்டரில் வந்து அடைகிறது. பழையதைக் கொன்ற அந்தக் கசடு, புதியதையும் அதே வழியில் கொல்லும்.

இதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் அவசரப்பட்டுப் புது ரேடியேட்டரை அப்படியே மாட்டினேன். பதினாலு மாதம் ஓடியது. ஒருநாள் குடும்பத்தோடு பண்ணாரியிலிருந்து திம்பம் மலை ஏறிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவைக்கூடத் தாண்டவில்லை, சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுவிட்டது. பின்னால் லாரிகள், ஒதுங்க இடமில்லை, வண்டிக்குள் வயதான அம்மா. அன்று ஹெட் கேஸ்கட்டும் போனது. வீட்டுக்கு வந்தபின், பதினாலே மாதம் ஆன அந்த ரேடியேட்டரை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். அலுமினியத் தட்டைக் குழாய்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் உள் இடைவெளியும் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. கீழ்ப் பாதியில் இருந்த குழாய்கள், சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. குண்டூசி நுழையவில்லை. அந்தச் சுண்ணாம்பு பதினாலு மாதத்தில் வந்ததல்ல. பல வருடமாக இன்ஜினுக்குள் இருந்தது, அங்கிருந்து பெயர்ந்து வந்திருந்தது.

எப்படி வருகிறது என்று பார்ப்போம். எரிகிற பெட்ரோலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறக்குறைய வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி ஒரு பங்கை, இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர்தான் அள்ளிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. இந்த நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருந்தால், சூடு பட்டவுடன் அது பிரிந்து கல்லாகப் படியும். வெந்நீர் போடும் கெட்டிலின் அடியிலும் கெய்சர் காயிலிலும் வெள்ளையாக அப்பிக்கொள்வது இதேதான். எங்கே சூடு மிக அதிகமோ அங்கேதான் முதலில் படியும். காரில் அந்த இடம் இன்ஜின் ஹெட். படிந்த கல், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சூட்டைக் கடத்துவதில் ஏறக்குறைய நூறு மடங்கு மந்தம். அதனால் முள் சாதாரணமாக நிற்கும்போதே உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஈரோட்டில் ஆத்துத் தண்ணி, போர்த் தண்ணி என்று இரண்டு உண்டு. குடிக்க ஆத்துத் தண்ணி, மற்றதுக்கெல்லாம் போர்த் தண்ணி. காருக்கும் அதுவே. இந்தியக் குடிநீர்த் தரநிலை, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 600 உள்ள தண்ணீரை வைத்தே ஒரு கணக்குப் போடுங்கள். ஒழுகுகிற ரேடியேட்டரில் தினம் அரை லிட்டர் வீதம் 200 நாள் ஊற்றினால் 100 லிட்டர். அதற்குள் இருந்த சுண்ணாம்பு 60 கிராம். ஒழுக்கோடு பாதி வெளியே போயிருந்தாலும் 30 கிராம் உள்ளே தங்கும். ஒழுகின ரேடியேட்டரை மாற்றும் ஒவ்வொருவரும், அதற்கு முந்தைய மாதங்களில் இப்படித் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்கள்தானே? ஆகவே அலசாமல் விடவே கூடாத நேரம், ரேடியேட்டர் மாற்றும் நேரம்தான்.

ரேடியேட்டரின் பலமே அதன் குறுகலில்தான் இருக்கிறது. வில்ஹெல்ம் மேபாக் 1900-ஆம் ஆண்டில் முதல் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூட்டு ரேடியேட்டர் வடிவமைத்தபோது, அதில் 8,070 சின்னஞ்சிறு குழாய்களை வைத்தார். நீரையும் காற்றையும் எத்தனை மெல்லிய பாதைகளாகப் பிரிக்கிறோமோ அத்தனை சீக்கிரம் சூடு கைமாறும். ஆனால் பாதை மெலிந்தால் ஒரு சில்லு போதும் அடைக்க. அன்று முதல் இன்றுவரை இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்குகிறோம்.

இனி, நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். "நம்ம ஊர்ல பனியா கொட்டுது? கூலண்ட் எதுக்கு? தண்ணியே போதாதா?" சூட்டைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீர் கூலண்டை விட மேல் என்பது உண்மை. ஆனால் கூலண்ட் உறையாமல் இருப்பதற்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. இரும்பும் அலுமினியமும் துருப்பிடித்து அரிக்காமல் காக்கும் மருந்துகள் அதில் இருக்கின்றன. வாட்டர் பம்பின் சீலும் அதனால் பிழைக்கிறது. கொதிநிலையும் ஏறுகிறது. சரிபாதி கலந்த கூலண்ட் மூடியில்லாமலே 107 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கர் செய்வது போல, வெறும் தண்ணீரின் கொதிநிலையையே ஏறக்குறைய 118 டிகிரிக்குத் தூக்கும். மூடியும் கூலண்டும் சேர்ந்தால் அதற்கும் மேல். மலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் நைந்து அழுத்தம் நிற்காத வண்டி, அங்கே போய்ச் சேர்வதற்குள் கொதித்து நிற்கும். எனவே புது ரேடியேட்டரோடு புது மூடியும் வாங்குங்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண், உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம்.

முதல் விதி, சூடான இன்ஜினைத் தொடாதீர்கள். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மூடியைத் திறவுங்கள். சூட்டோடு திறந்தால், அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீறிடும். துணி சுற்றித் திறந்தாலும் ஆபத்துதான். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுழலும். கை உள்ளே இருக்கும் நேரமெல்லாம் பேட்டரியின் நெகட்டிவ் வயர் கழன்று இருக்கட்டும்.

இரண்டாவது, இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். பழைய ரேடியேட்டரை உடனே கழற்றாதீர்கள். அழுக்கை வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல ஆள் கிடையாது. எப்படியும் தூக்கிப் போடப் போகிற பொருள். பழைய கூலண்டை வடித்துவிட்டு, அதே ரேடியேட்டரோடு சுத்தமான தண்ணீரை நிரப்பி, உள்ளே ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். நம் ஊரில் அந்தத் திருகு வாங்கிய நாளிலிருந்து திரும்பாமலே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹீட்டர் கோருக்குள் பல வருடத்துக் கூலண்ட் தூங்கிக்கொண்டிருக்கும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அது சுடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, தண்ணீர் எல்லா இடத்துக்கும் சுற்றுகிறது என்று அர்த்தம். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு வடியுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். சூடான இன்ஜினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், வளையும். பொறுமைதான் இங்கே உங்கள் முதல் ஸ்பானர். பழைய ரேடியேட்டர் தண்ணீரே நிற்காத அளவுக்கு உடைந்திருந்தால் இந்தச் சுற்றை விட்டுவிட்டு, நேரே குழாய் வைத்து அலசும் கட்டத்துக்குப் போகலாம்.

சுண்ணாம்பு அதிகம் என்று தெரிந்தால், வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பது போல, ஏதாவது ஒரு மெல்லிய புளிப்பு வேண்டும். கடையில் ரேடியேட்டர் ஃபிளஷ் என்றே கிடைக்கிறது. அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதில் சொன்ன அளவு, சொன்ன நேரம், அதற்கு ஒரு நிமிடம்கூட மேலே வேண்டாம். இதையும் பழைய ரேடியேட்டர் மாட்டியிருக்கும்போதே செய்துவிடுங்கள். கையைக் கூப்பிக் கேட்கிறேன், பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது சுண்ணாம்பை மட்டும் தின்று நிறுத்தாது, அலுமினியத்தையும் தின்னும். ஓட்டை விழுந்த ஹெட்டுக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை.

இதெல்லாம் முடிந்தபின் பழைய ரேடியேட்டரைக் கழற்றுங்கள். ஏசி உள்ள வண்டியில் முன்னால் நிற்கும் கண்டென்சரின் கேஸ் பைப்பைத் தொடாமல் வேலை செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால், கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பைப்புகளும் ரேடியேட்டருக்குள் வந்துபோகக்கூடும். எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

இனிதான் துணியின் வேலை. தெர்மோஸ்டாட்டை எடுத்த இடத்தில் குழாயைச் செருகுங்கள். தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக ஓடும்போதுதான், ஒரு பக்கமாகவே சாய்ந்து ஒட்டியிருக்கும் கசடு பெயரும். வீட்டுக் குழாயின் வேகம் போதும். வாட்டர் சர்வீஸ் பம்பின் வேகம் பழைய சீல்களையும் ஹீட்டர் கோரையும் பிய்த்துவிடும். கீழ் ஹோஸின் வாயில் வெள்ளைத் துணி. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தனியாகக் கழற்றி, ஒரு தடவை இந்தப் பக்கமிருந்தும் ஒரு தடவை அந்தப் பக்கமிருந்தும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கூலண்ட் டப்பாவைக் கழற்றி, ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். வாய் குறுகின பாட்டிலை நம் அம்மாக்கள் கழுவும் விதம் இதற்கும் சரியாகப் பொருந்துகிறது. ஒரு பருக்கை உள்ளே தங்காமல் கொட்டிவிடுவது மட்டும் முக்கியம். இன்ஜின் பிளாக்கில் வடிகால் போல்ட் இருந்து, அது சாதாரணமாகத் திரும்பினால் திறந்து வடியுங்கள். துருவேறி இறுகிப்போயிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம்.

துணியை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துப் பாருங்கள். கறுப்பு சிவப்பாகும், சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் வெளுக்கும். கண்ணுக்குத் தண்ணீர் சுத்தமாகத் தெரியும்போதும் துணியில் பொடி நிற்கும். துணி வெள்ளையாகவே வரும்வரை நிறுத்தாதீர்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். பேட்டரிக் கடையில் பேட்டரி தண்ணி என்று கேட்டால் கேனாகக் கிடைக்கும். இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய சுண்ணாம்பை, கடைசித் தண்ணீரிலேயே மறுபடி உள்ளே விடுவானேன்?

கையில் எடுத்த தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம்ம வெயிலுக்கு இது வேண்டாம், எடுத்துப் போட்டுடலாம்" என்ற பேச்சு நம் ஊரில் வெகுநாளாக உண்டு. அதைக் கேட்காதீர்கள். 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி செய்யப்பட்ட அந்தச் சின்ன மெழுகு வால்வு இல்லாவிட்டால், இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடும் ஏறும். பழையது வேலை செய்கிறதா என்று அறிய, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். பாத்திரம் இதற்கென்றே ஒதுக்கிய பழையதாக இருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டரும் கூட இருந்தால், அதன்மேல் அச்சிட்ட எண்ணில் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள். ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ உப்பலோ தெரிந்தால் அதையும் கிளிப்போடு மாற்றிவிடுங்கள்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம்.

புதியதைத் தூக்கும்போது மெல்லிய தகடுகள் மடங்காமல் ஓரத்தைப் பிடியுங்கள். அடி ரப்பர்கள் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள். கூலண்ட் ஊற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எவ்வளவு வடித்தாலும் அலசின தண்ணீரில் கொஞ்சம் இன்ஜினுக்குள் தங்கிவிடும். நீர் கலந்து வரும் ரெடி கூலண்டை மேலே ஊற்றினால் அது மேலும் நீர்த்துப் போகும். அதனால் கலக்காத கூலண்டை வாங்குங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் மொத்தக் கொள்ளளவும் கலவை விகிதமும் இருக்கும். பாதிக்குப் பாதி என்றால், மொத்தத்தில் பாதி அளவு கூலண்டை முதலில் ஊற்றிவிட்டு, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். உள்ளே தங்கிய தண்ணீரும் கணக்கில் வந்துவிடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம்தான், எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒத்துவராத இரண்டு வகைகள் கலந்தால் கூழாகத் திரளும். கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் காற்றுக் குமிழ்கள் மேலே வரும். காற்றை வெளியேற்ற உங்கள் வண்டியில் தனித் திருகு இருந்தால் அதைத் திறந்து, கூலண்ட் வந்தபின் மூடுங்கள். ரேடியேட்டர் மேலேயே மூடி உள்ள வண்டியில், மூடியைத் திறந்தபடியே ஹீட்டரைச் சிவப்பில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, பொங்கி வருமுன் மூடுங்கள். ஃபேன் தானாக ஓடி தானாக நிற்பதை ஒரு தடவையாவது பார்த்தபிறகு நிறுத்துங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தை மறுபடியும் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே தங்கிய காற்று, அடைப்பைப் போலவே இன்ஜினைக் கொல்லும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. அந்த டப்பில் கிடக்கும் பழைய கூலண்ட்.

கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும். அந்தத் தித்திப்பே எமன். உடம்புக்குள் போனால் அது மாறி மாறி ஆக்சாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படிகங்களாகப் படியும். நீர் கலக்காததாக இருந்தால், ஒரு பூனையின் உயிரைக் குடிக்க ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலே போதும். நாய்க்கும் குழந்தைக்கும் அதே விஷம். அந்த ஞாயிறன்று நாங்கள் டீ குடிக்கத் திண்ணையில் உட்கார்ந்த நேரத்தில், வீதி நாய் ஒன்று, கோடையில் எங்கள் எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர் தேடும் அதே நாய், டப்பை நோக்கி வந்து மூக்கை நீட்டியது. தம்பிதான் ஓடிப்போய் விரட்டினார். சித்திரை வெயிலில் ஒரு டப் நிறையத் தித்திப்பு நீர் கண்ணில் பட்டால், வாயில்லாத ஜீவன் குடிக்கத்தான் செய்யும். பழி நம்முடையது.

ஆகவே வடித்ததை வடித்த கையோடு மூடியுள்ள கேனில் ஊற்றி, 'விஷம்' என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். முதல் அலசலில் வந்த கலங்கல் நீரும் அந்தக் கேனுக்கே. சாக்கடையில் வேண்டாம், மரத்தடியில் வேண்டாம், மழைநீர்க் குழியில் வேண்டவே வேண்டாம். நமக்குக் கீழேதான் நம் போரும் இருக்கிறது. பழைய ஆயிலைச் சேர்த்து அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டர்களில், பழைய கூலண்டையும் எடுத்துக்கொள்வார்களா என்று வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். செல்லப் பிராணி என்றால் கால்நடை மருத்துவரிடம். மணிக்கணக்கில்தான் அவகாசம்.

எங்கள் வீதித் தம்பியின் வேலை பத்து மணிக்கு முடியவில்லை. ஃபிளஷ் மருந்து ஓடவிட வேண்டும் என்பதற்காக, கழற்றிய பழைய ரேடியேட்டரையே மறுபடி மாட்டினோம். மத்தியானம் ஆறவிட்டோம், சாப்பிட்டோம், மறுபடி அலசினோம். ஏழாவது துணி வெள்ளையாக வந்தபோது மாலை நாலரை. அதன்பிறகுதான் பெட்டியை மறுபடி திறந்தார். புது ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஒரு டேப்பை ஒட்டி, அன்றைய தேதி, கூலண்டின் வகை, கலவை அளவு மூன்றையும் மார்க்கரால் எழுதினார். இனி இந்த வண்டியைத் தொடும் எவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

முதல் துணியை அவர் தூக்கிப் போடவில்லை. உலர்த்தி மடித்து, ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் அடுத்த வீதியிலிருந்து ஒருவர் புது ரேடியேட்டரோடு வந்து யோசனை கேட்டபோது, ஒன்றும் பேசாமல் அதை எடுத்து விரித்துக் காட்டினாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வேட்டி இருக்கும். அடுத்த ஞாயிறு பெட்டியைப் பிரிக்குமுன், அதில் ஒரு முழம் கிழித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து,
உங்களைப் போலவே தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவன்